கெயின்ஸ்வில்லில் ஒன்றுமே இல்லையா?

போன வாரம் இங்கே எம்.எஸ். படிக்கப் புதிதாக வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, சனி ஞாயிறு ஆனா என்ன பண்றது? இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையே. எல்லாரும் ஆர்லாண்டோ போயிடறாங்க." அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது நானும் அம்மாவிடம் போனில் இதையேதான் புலம்பினேன். ஆனால் அந்த "ஒண்ணுமே இல்ல" ஒரு வாரமாக முள்ளாக உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கெயின்ஸ்வில்லில் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. என் சொந்த ஊரான ராஜபாளையம் அளவுதான். அந்த அளவு ஊரில் 1992இல் லெஸ் தேன் ஜேக் என்ற பங்க் பேண்டு உருவானது (பங்க் என்றால் வேகமும் இரைச்சலுமான ஒரு வகை ராக் இசை). அடுத்த ஓரிரு வருஷத்தில் ஹாட் வாட்டர் மியூசிக் என்ற பேண்டு வந்தது. 1985இல் சிறுபத்திரிகையாக ஆரம்பித்த நோ ஐடியா, இசைத்தட்டு வெளியிடும் நிறுவனமாக வளர்ந்து, அகெய்ன்ஸ்ட் மீ என்ற பேண்டின் முதல் ஆல்பத்தை 2002இல் கொண்டுவந்தது. ஃபால் அவுட் பாய், பாராமோர் பேண்டுகளைக் கேட்டவர்களுக்கு ஃபியூல்டு பை ராமென் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் தெரிந்திருக்கும். அதை 1996இல் தொடங்கியவர்கள் லெஸ் தேன் ஜேக்கின் டிரம்மர் வின்னி ஃபியோரெல்லோவும், நம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜான் ஜேனிக்கும். கையில் காசில்லாமல் ராமென் நூடுல்ஸ் தின்று காலம் தள்ளிய கதைதான் அந்தப் பெயர்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. என்னை முதலில் உள்ளே இழுத்தது சாப்பாடு. பல்கலைக்கழக வளாகத்தில் பிளாசா ஆஃப் தி அமெரிக்காஸ் புல்வெளியில் மதியம் ஹரே கிருஷ்ணா பக்தர்கள் சாப்பாடு போடுவார்கள் இல்லையா, சைவம் என்பதால் தினமும் அந்த வரிசையில் நிற்பேன். முன்னாலும் பின்னாலும் பார்த்தால் கிழிந்த கறுப்பு டிஷர்ட், கை முழுக்கப் பச்சை குத்திய ஆட்கள். பங்க் கூட்டத்தில் இறைச்சி தொடாதவர்கள் நிறைய என்பது அங்கேதான் தெரிந்தது. மூன்று மாதம் சேர்ந்து வரிசையில் நின்ற பழக்கத்தில் ஒரு பெண் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஷோ இருக்கிறது, வா."

லேப் தோழியான மதுரைக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். பழைய மரவீடு. முன்னறையில் இருந்த சோபாவைத் தூக்கி வாசலில் போட்டிருந்தார்கள். தெருவுக்குச் சத்தம் போகாமல் இருக்க ஜன்னலில் ஒரு மெத்தையைச் சாத்தியிருந்தார்கள். டிரம்ஸுக்குக் கீழே நைந்த கார்ப்பெட். மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் முன்னால் நகர்ந்துவிடும் என்பதால் அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு ஹாலோ பிளாக் கல். கதவருகே காபி டின். 5 டாலர் போட வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதைப் போடலாம். டின்னில் விழுந்தது மொத்தமும் வெளியூரிலிருந்து வேனில் வந்த பேண்டுக்குப் பெட்ரோல் காசு. உள்ளூர் பேண்டு அதில் கை வைக்காது.

முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஊர்த் திருவிழாவில் பறைக்குப் பக்கத்தில் நின்றால் வயிற்றுக்குள் ஒன்று துள்ளுமே, அதேதான். ஒரு பாட்டு இரண்டு நிமிஷம்கூட இல்லை. பாடியவன் மைக்கைக் கூட்டத்துக்குள் நீட்டினான், மிச்சத்தைக் கூட்டமே பாடியது. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் வந்து மோதினார்கள். நாங்கள் இரண்டு பேரும் பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். நடுவில் ஒரு பையன் தடாலென்று விழுந்தான். விழுந்த நொடியில் நாலைந்து கைகள் அவனைத் தூக்கி நிறுத்திவிட்டன. வேறு ஒருவன் தரையில் கிடந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து, உரியவன் வந்து வாங்கும்வரை தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி நின்றான். சுற்றிலும் அத்தனை தள்ளுமுள்ளு, அந்தக் கை மட்டும் ஆடவே இல்லை. என் பயம் அங்கேயே போய்விட்டது.

பத்து மணிக்கு நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டில் வயதானவர் இருக்கிறார், அதற்கு மேல் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அப்புறம் எல்லோருமாக ஆம்ப்ளிஃபயர்களை வேனில் ஏற்றினோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே டவுன்டவுன் வரை நடந்துபோய், கியூபா உணவுக் கடையில் அரேபா என்ற சோள ரொட்டி வாங்கி, நடைபாதை ஓரம் உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசினோம். மறுநாள் பீட்சா வாங்கப் போனால், முந்தின ராத்திரி பாடியவன் அங்கே மாவு தட்டிக்கொண்டிருந்தான்.

சின்ன ஊரின் பலமே இதுதான் என்கிறேன். பெரிய நகரத்து அரங்கில் நாம் டிக்கெட் வாங்கிய ஆயிரத்தில் ஒருவர். இங்கே முப்பது பேர் வருகிற இடத்தில் ஒருவர் குறைந்தால் தெரியும். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு வாரம் போகவில்லை. அடுத்து பார்த்தபோது, "காணவே இல்லையே, உடம்புக்கு என்ன?" என்று மூன்று பேர் கேட்டார்கள். நாட்டை விட்டு வந்த பிறகு நான் வராததை ஒருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

குடிப்பார்களே என்று ஊரில் கேட்பார்கள். குடிக்கிறவர்கள் குடிப்பார்கள். பாரில் நடக்கும் ஷோவில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்று காட்ட, கையில் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போடுவார்கள். குடிக்காதவர்கள் தாங்களாகவே கேட்டுப் போட்டுக்கொள்வதும் உண்டு. 1980 வாக்கில் வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் பேண்டு மூலமாகப் பரவிய பழக்கம் அது. நானும் மதுரைத் தோழியும் போட்டுக்கொள்வோம். மறுநாள் இளங்கலை மாணவர்களுக்கு லேப் வகுப்பு எடுக்கும்போதும் அது அழிந்திருக்காது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, தன் கையையும் தூக்கிக் காட்டினாள்.

கோபம் ஒன்று இருக்கிறது. டவுன்டவுனில் ஒரு சதுக்கத்துக்கு ராக் இசை முன்னோடி போ டிட்லி பெயர். 2018இல் ஒரு பூங்காவுக்கு ராக் பாடகர் டாம் பெட்டி பெயர் வைத்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர், சந்தோஷம். ஆனால் அடுத்த டாம் பெட்டி எந்த அறையில் பழகுவார்? மெத்தை சாத்திய அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு மாணவர் குடியிருப்பு நிற்கிறது, ஒரு படுக்கைக்கு இவ்வளவு என்று வாடகை. நாலு பேர் வாடகையைப் பங்கிட்டு, பகுதிநேர வேலைச் சம்பளத்தில் வாழ்ந்து, மிச்ச நேரத்தில் வாசித்துப் பழக முடிந்ததால்தான் இந்த ஊரில் இத்தனை பேண்டுகள் வந்தன. வாடகை ஏறினால் முதலில் காணாமல் போவது அந்த மிச்ச நேரம்தான். இதைச் சொல்லாமல் "இசை நகரம்" என்று பெருமை பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னும் எல்லாம் போய்விடவில்லை. அக்டோபர் கடைசியில் தி ஃபெஸ்ட் என்ற பங்க் இசை விழா வரும். 2002இலிருந்து நடக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு ஃபுட்பால் ஆட்டம் பார்க்க மாணவர்களெல்லாம் ஜாக்சன்வில் கிளம்பி, ஊர் காலியாகும் சமயம் பார்த்துப் பல வருஷம் வைத்துவந்த விழா அது. எங்கெங்கிருந்தோ நூற்றுக்கணக்கான பேண்டுகள் வந்து இறங்கும். அவசியம் பாருங்கள். ஆனால் அதற்கு மட்டும் வராதீர்கள். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு பேர் முன்னால் வாசிக்கும் பேண்டுக்குத்தான் நாம் தேவை.

தங்கை, இதைப் படித்தால் சொல்லு. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் மூன்று பேண்டுகள். ஏழரைக்குக் கிளம்புகிறேன், காரில் மூன்று இடம் இருக்கிறது. மூடிய செருப்பு போட்டுக்கொள், சில்லறையாக 5 டாலர் எடுத்துக்கொள். காதில் வைக்கும் பஞ்சு நான் கொண்டுவருகிறேன்.