ஈராக் போரும் யதார்த்தவாதிகளும்
‘யதார்த்தவாதிகள் எல்லாம் போர் விரும்பிகள், ஈராக் போரே அவர்கள் கைங்கரியம்தான்’ என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். யதார்த்தவாதிகள் என்றால், நாடுகள் இலட்சியங்களைவிட அதிகாரத்தையும் சொந்தப் பாதுகாப்பையும் பார்த்தே நடக்கின்றன என்று சொல்லும் சர்வதேச அரசியல் அறிஞர்கள். நடந்தது நேர் எதிர். 2002 செப்டம்பர் 26 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் 33 பேராசிரியர்கள் காசு கொடுத்து விளம்பரமே வெளியிட்டார்கள்: இந்தப் போர் அமெரிக்காவின் தேசிய நலனுக்கு உகந்ததல்ல என்று. கையெழுத்திட்டவர்களில் கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர், ஸ்டீபன் வால்ட் மூவரும் உண்டு. யதார்த்தவாதக் கோட்பாட்டின் தூண்களே அவர்கள்தான்! ஈராக் அதிபர் சதாம் உசேனுக்கு அணு ஆயுதம் கிடைத்தாலும் பதிலடிக்குப் பயந்து பயன்படுத்த மாட்டார், அமெரிக்கப் படை உள்ளே நுழைந்தால் வெளியேற வழியில்லை என்பது அவர்கள் வாதம். அதற்கு முன்பே வியட்நாம் போரை, யதார்த்தவாதத்தின் முன்னோடியான ஹான்ஸ் மார்கெந்தாவ் எதிர்த்திருக்கிறார். ஈராக்குக்குப் படை அனுப்பக் கொடி பிடித்தவர்கள் நவபழமைவாதிகள், அதாவது அமெரிக்காவின் படைபலத்தைக் கொண்டு பிற நாடுகளில் ஜனநாயகத்தைப் பரப்பலாம் என்று நம்பியவர்கள். தாராளவாதிகள் சிலரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். யதார்த்தவாதியாக அறியப்பட்ட முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கர் ஈராக் போரை ஆதரித்தது உண்மைதான். அவர் ஒருவரை வைத்து எல்லோரையும் எடைபோடுவது சரியில்லை.