பளபளப்புக்காகத் தோலை உரிக்க வேண்டாம்

ஸ்னோமொபைல் என்னும் பனியில் ஓடும் வண்டியின் அலுமினியப் பாகங்களைக் கண்ணாடிபோல் ஆக்கிக் காட்டும் அந்தக் காணொளியைப் பற்றி இங்கே எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அதன் கீழ் நான் இட்ட கருத்து நீக்கப்பட்டதையும், “பொறாமையில் பேசுகிறார்” என்று ஒருவர் எழுதியதற்கு நண்பர்கள் சிலரே விருப்பக்குறி இட்டிருந்ததையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அனோடைசிங் செய்த, அதாவது மேலே பாதுகாப்புப் படலம் வளர்த்த ஒரு பாகத்தை, அது வண்டியில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் உரித்து மெருகேற்றக் கூடாது.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன்மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்திச் செய்யும் அனோடைசிங், அந்தப் படலத்தைப் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை, அதாவது 1000 மடங்குக்கும் மேலாக வளர்த்துத் தருகிறது. அது அடியிலுள்ள உலோகத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. காணொளியில் அடுப்பு துடைக்கும் நுரையைத் தெளித்ததும் சஸ்பென்ஷன் ரெயிலிலிருந்து, அதாவது வண்டியின் அடியில் ஓடும் டிராக் பட்டையைத் தாங்கும் நீண்ட சட்டத்திலிருந்து, கறுப்பாக வழிந்ததே, அதை அழுக்கு என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் பாராட்டினார்கள். வழிந்தது அழுக்கு அன்று. நுரையிலிருந்த காஸ்டிக் சோடா கரைத்தெடுத்த பாதுகாப்புப் படலமும், அதற்குள் ஏற்றியிருந்த சாயமுமே அது. கூடுதலாக ஒரு நிமிடம் விட்டால் காஸ்டிக் சோடா உலோகத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும்.

டனலையும் (டிராக்கை மேலிருந்து மூடியிருக்கும் உடற்பகுதி) ரெயிலையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பூச்சில்லாத வெறும் அலுமினியத்தால் ஆன பழைய டனலைத் தாராளமாக மெருகேற்றலாம், நானும் செய்திருக்கிறேன். ரெயிலோ, ஓடும் டிராக்குக்கு நடுவே பனியும் மணலும் கல்லும் இடைவிடாமல் அறையும் இடத்தில் இருக்கிறது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும்போது சாலையில் தூவிய உப்பு முழுவதும் அதன்மேல் தெறிக்கிறது. உப்புநீர் நனைக்க, எஃகு போல்ட்டும் உரித்த அலுமினியமும் ஒட்டியிருந்தால் அரிபடுவது பெரும்பாலும் அலுமினியம்தான்.

“அலுமினியம் துருப்பிடிக்காது, தெரியாதா?” என்று கேட்கிறார்கள். செந்துரு வராது, வெள்ளைப் பொடி பூத்து, அதைச் சுரண்டினால் அடியில் குழி தெரியும். “மேலே கிளியர் கோட் அடித்துவிட்டால் போயிற்று” என்று நிறமற்ற பூச்சைச் சொல்கிறார்கள். ஒரு கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடத்தில் உப்புநீர் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே நூல்நூலாக அரிப்பு படரும். அதைச் சரிசெய்ய முழுப் பூச்சையும் எடுக்க வேண்டும். “என் வண்டி, என் விருப்பம்” என்பதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. காணொளி போட்டவர் தம் வண்டிக்கு மட்டும் செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். எல்லோரும் இப்படியே செய்யுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததால்தான் கேட்டேன்.

பொறாமை என்ற சொல் வலித்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்பொரு முறை என் பழைய வண்டியின் செயின்கேஸ் (சங்கிலி ஓடும் பெட்டி) மூடியைப் பஃபிங் செய்ய, அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்ற, ஒரு பட்டறையில் கொடுத்தேன். முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியபடி திரும்பி வந்தது. ஆனால் விளிம்புகள் மழுங்கி, வார்ப்பில் புடைத்திருந்த எழுத்துகள் பாதி தேய்ந்து போயிருந்தன. அந்த எழுத்துகளை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. மெருகேற்றுவது என்றால் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதுதான் என்பதை அந்த மூடி கையில் இருக்கும்போது யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

அதன்பிறகு என் பாகங்களை நானேதான் தேய்க்கிறேன். 400, 600, 800, 1000, 1500, 2000 என்று எண் கூடக்கூட நுண்மையாகும் எமரித் தாளை நீரில் நனைத்து, ஒவ்வொரு முறையும் முந்தைய திசைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். 1500இல் நிற்கும்போது விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், 400இன் கீறல் ஒன்று மட்டும் தலைமுடிபோல் குறுக்கே ஓடும்; அதற்காகத் திரும்ப 400க்கே போக வேண்டும். பிறகுதான் பருத்திப் பஃபும் பழுப்பு டிரிபோலி என்னும் மெருகுக் கட்டியும், கடைசியில் அதைவிட நுண்மையான வெள்ளை ரூஜும். இவ்வளவு பொறுமையாக இந்த வேலையைச் செய்பவனைப் பார்த்துப் பொறாமைக்காரன் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

நீக்கப்பட்ட என் கருத்தின் இரண்டாம் பாதியை ஒருவரும் படிக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். காணொளியில் எஃகுத் துண்டு ஒன்றைத் தேய்த்த அதே சாணைக்கல் எந்திரத்தில், கீழே குவிந்த தூளைக்கூடத் துடைக்காமல் அலுமினியத்தை வைக்கிறார், முகக்கவசமும் இல்லை. அலுமினியத்தின் நுண்தூள் எரியக்கூடியது. காற்றில் பரவி நிற்கையில் பொறி பட்டால் வெடிக்கும். இரும்புத் துருவோடு கலந்து பற்றிக்கொண்டால் இரும்பையே உருக்கும் வெப்பம் எழும்; அதன்மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது. சில வண்டிகளில் செயின்கேஸ் மக்னீசியத்தால் ஆனது. அதன் தூள் இன்னும் எளிதாகத் தீப்பிடிக்கும். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், என் பெயரும் வேண்டாம். இந்தத் தூள் பற்றிய எச்சரிக்கையை மட்டுமாவது காணொளியின் கீழே இன்றே சேர்த்துவிடுங்கள்.