வெளியூர் ஏதும் போனீங்களா?

போன வருடம் பாலியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. பக்கத்து கிளினிக்கில் நாக்கை நீட்டச் சொன்னார்கள், ஸ்டெத் வைத்தார்கள், பாராசிட்டமாலும் ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். எங்கே போய் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுத்து நானாகப் போய் என்எஸ்1 டெஸ்ட் எடுத்தேன். டெங்கு.

அந்த இரண்டு நாளும் வாசல் கதவைத் திறந்து போட்டு, லுங்கியை முட்டிக்கு மேல் மடித்துக்கொண்டு கூடத்தில்தான் கிடந்தேன். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. எத்தனை கொசுவுக்கு விருந்து வைத்தேனோ!

"சென்னையில் இல்லாத டெங்குவா?" என்று நண்பர் சிரித்தார். டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை தொற்றினால் நிலைமை மோசமாகும் வாய்ப்பு அதிகம். பெட்டியோடு நான் எந்த வகையைக் கொண்டுவந்தேன் என்பதும் முக்கியம்தான்.

ஒரே ஒரு பயணியால் என்ன ஆகும் என்பதை இத்தாலிக்காரர்கள் 2007இல் பார்த்துவிட்டார்கள். கேரளாவிலிருந்து வந்த ஒருவருக்கு ஜூன் கடைசியில், ரவென்னா பக்கம் ஒரு சின்ன ஊரில் உறவினர் வீட்டில் இருந்தபோது காய்ச்சல் கண்டது. சிக்குன்குனியா. அந்த ஊரில் ஏடிஸின் இன்னொரு இனமான புலிக்கொசு ஏற்கெனவே மண்டிக் கிடந்தது. ஆகஸ்டில் ஊர் முழுக்க மூட்டுவலி. முதலில் மணல் ஈ மேல்தான் சந்தேகம். விஷயம் பிடிபடுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் 200 பேருக்கு மேல்.

நோயாளியைக் கடித்த கொசு உடனே பரப்பிவிடாது. டெங்கு வைரஸ் அதன் உடம்பில் ஊறி எச்சிலுக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். பிரான்சில் மே முதல் நவம்பர் வரை, வெளிநாட்டிலிருந்து வந்த டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா நோயாளி ஒருவர் தெரியவந்தாலே அவர் நடமாடிய இடங்களை விசாரித்து, தேவைப்பட்டால் மருந்தடிக்கிறார்கள். நம் ஊரில் ஏர்போர்ட்டில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறோம். கொசு கடித்து நான்கு முதல் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சலே வரும். அதற்குள் நான் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். கிளினிக் கவுன்டரில் டோக்கன் போடுகிறவர் ஒரு கேள்வி கேட்டால் போதும், கருவியெல்லாம் அப்புறம்.

எனக்குக் காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் கொசு ஒழிப்புப் பணியாளர் அக்கா ஒருவர் வந்தார். பூந்தொட்டி, டயர் எல்லாம் பார்த்தார். நேராகச் சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை உருவி டார்ச் அடித்தார். தண்ணீரில் புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன. தட்டை வாசலில் கவிழ்த்துவிட்டு நோட்டைப் பிரித்தபடி கேட்டார்: "காய்ச்சலுக்கு முன்னாடி வெளியூர் ஏதும் போனீங்களா தம்பி?"