எங்கே படித்தார் என்பது மட்டும் போதாது

தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எழுதுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர்கள்தான் அதை அள்ளி எழுதுகிறார்கள் என்கிற மாதிரி அது போகிறது. சேலத்தில் நான் பார்த்தது நேர்மாறு.

போன வருடம் பையனுக்குச் சளி, காய்ச்சல். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்த ஒரு இளம் டாக்டர், பாராசிட்டமால் மட்டும் எழுதி, மூன்று நாளில் குறையவில்லை என்றால் வாங்க என்றார். என் அம்மாவுக்கு ஒப்பவில்லை, "ஊசி கூடப் போடலியே, இவன் என்ன டாக்டரு" என்று இன்னொருவரிடம் கூட்டிப்போனார், அங்கே முதல் நாளே செஃபிக்ஸிம் என்கிற ஆன்டிபயாடிக். இத்தனைக்கும் அது 2014 முதல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கிற மருந்து, விற்றால் மருந்துக்கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக, அவர்களுக்கென்று நடக்கும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்வியில் 150 எடுத்துத் தேர்வாகணும், அப்புறம் இங்கேயே பயிற்சி மருத்துவராக இருக்கணும். சீட்டு எழுதும் கை அந்தப் பயிற்சியில்தான் பழகுகிறது, சீனியர் எழுதுவதைப் பார்த்து.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஏற்காடு எஸ்டேட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் "மூணு நாள் கழிச்சு வாங்க" என்று எப்படிச் சொல்வது? திரும்பி வரமாட்டார் என்று டாக்டருக்கே தெரியும், எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவிடுகிறார். இது தப்புதான், ஆனால் இதற்கும் அவர் எந்த நாட்டில் படித்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, அந்த இளம் டாக்டரிடம்தான் இப்போதும் போகிறோம். அம்மா மட்டும் வருவதில்லை.