மனநோய் மாத்திரை எல்லாமே தூக்க மாத்திரையா?

“மனநோய்க்குக் கொடுப்பது வெறும் தூக்க மாத்திரை. தொட்டால் ஆயுசுக்கும் விடாது. தர்காவில் தங்கினாலே போதும்.” நம் கடலோர ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் குரல் பதிவு சுற்றுகிறது. இது தவறு.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், டயசெபம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடும் என்பது நிஜம்தான். அதனால்தான் மருத்துவர்கள் அவற்றைக் குறுகிய காலத்துக்கே எழுதுவார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேறு ரகம். போதை தராது. பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொற்படி மெல்லக் குறைக்கலாம். பதற்ற நோய்க்குப் பேச்சுவழி சிகிச்சையே பலருக்குப் போதும். இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் மனச்சிதைவு நோய்க்குத்தான் பெரும்பாலும் நீண்டகாலம் மருந்து வேண்டும். சர்க்கரைக்குச் சாப்பிடுவதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லையே!

அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் கவனம். உப்பளத்திலோ வள்ளத்திலோ வியர்த்துக் கொட்டி உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

தர்காவில் துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்துவரும் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

சந்தேகமிருந்தால் 14416-க்கு அழையுங்கள்; இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.