கூசான் தீவுக்குப் படகு மாறித்தான் போக வேண்டும்

சீஷெல்ஸ் நாட்டின் பிராலின் தீவில் ஏறிய படகு, கூசான் என்ற பறவைத் தீவின் கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே நின்றுவிட்டது. தீவு கண்ணெதிரே இருக்கிறது, மணல் தெரிகிறது, ஆனால் வெளிப் படகு எதுவும் அந்தக் கரையைத் தொடக் கூடாது. தீவைக் காக்கும் வார்டன்கள் தங்கள் சொந்தப் படகில் வந்து எங்களைக் கொஞ்சம் கொஞ்சம் பேராக மாற்றி ஏற்றிக்கொண்டார்கள். அலை தணியும்வரை காத்திருந்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரே வேகத்தில் படகை மணல்மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

"எதுக்குக்கா இவ்வளவு கெடுபிடி?" என்றான் தம்பி. அவன் அந்நாட்டின் பெரிய தீவான மாஹேயில் வேலை பார்க்கிறான், நாலு வருஷமாக சீஷெல்ஸில் இருந்தும் கூசானுக்கு வந்ததில்லை.

எலிக்காகத்தான். சாமான் மூட்டையில் ஒளிந்து சினை எலி ஒன்று கரையேறிவிட்டால் போதும், தரையில் முட்டையிடும் பறவைகள் அத்தனையும் தொலைந்தன. எலியும் பூனையும் இல்லாத தீவு என்பதுதான் கூசானின் மொத்த சொத்து.

ஏறக்குறைய எழுபது ஏக்கர் உள்ள இந்தத் தீவு ஒரு காலத்தில் முழுக்கத் தென்னந்தோப்பு. கொப்பரைக்காகக் காட்டை அழித்துத் தென்னை வைத்திருந்தார்கள். சீஷெல்ஸ் கதிர்க்குருவி என்ற சின்னஞ்சிறு பழுப்புக் குருவிக்கு உலகத்திலேயே மிஞ்சிய இடம் இதுதான், அதிலும் சதுப்பை ஒட்டிய ஒரு துண்டு நிலம். 1968இல் எண்ணிப் பார்த்தபோது முப்பது குருவிகூட இல்லை. அந்த வருஷம் சர்வதேசப் பறவைப் பாதுகாப்புக் கவுன்சில் (இன்றைய பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல்) தீவை விலைகொடுத்து வாங்கியது. தென்னையை அகற்றினார்கள், காடு தானாக எழுந்து வந்தது. 1975இல் அரசு அதைச் சிறப்புச் சரணாலயமாக அறிவித்தது. இப்போது நேச்சர் சீஷெல்ஸ் என்ற உள்நாட்டு அமைப்பு தீவை நடத்துகிறது.

அப்படி எழுந்த காட்டில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த மரமாக இருந்தது. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் லச்சக்கொட்டைக் கீரை! நம்மிடம் இருப்பது இளமஞ்சள் இலை, அங்கே கரும்பச்சை, ஆளுயரத்தைத் தாண்டிப் பெருமரமாக வளர்ந்திருக்கிறது. கதிர்க்குருவி அந்த இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பூச்சியைத்தான் கொத்தித் தின்கிறது. எங்கள் தலைக்கு மேலே ஒரு குருவி கிளையைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பி, இலை இலையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போயிற்று. காலில் வண்ண வளையங்கள். கிட்டத்தட்ட ஒவ்வொரு குருவிக்கும் வளையம் போட்டு, யார் யாருக்குப் பிறந்தது, யார் யாருக்கு உதவியாகக் குஞ்சு வளர்க்கிறது என்று வருஷக்கணக்காகக் குறித்துவருகிறார்கள்.

கூசானில் ஏறக்குறைய 320 குருவிதான் கொள்ளும். அதற்கு மேல் பிறந்தால் இடமில்லை. 1.6 கிலோமீட்டரில் கூசீன் தீவு இருக்கிறது, ஆனாலும் அந்தக் கடலைத் தாண்டிப் போகிற பழக்கம் இந்தக் குருவிக்கு அநேகமாகக் கிடையாது. எனவே மனிதர்களே எடுத்துப் போனார்கள். 1988இல் ஆரீட் தீவுக்கு 29, 1990இல் கூசீனுக்கு 29, 2004இல் டெனிக்கு 58, 2011இல் ஃப்ரிகேட்டுக்கு 59. இன்று ஐந்து தீவுகளிலும் சேர்த்து மூவாயிரத்துக்கு அருகில்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், படகுக்கு டீசல் வேண்டும், வருஷம் முழுக்க இரவும் பகலும் தீவிலேயே கிடக்கும் வார்டன்களுக்குச் சம்பளம் வேண்டும். அதில் பெரும்பங்கு எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்திலிருந்து வருகிறது.

நான் கூந்தன்குளம் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் பறவைக்கு டிக்கெட் கிடையாது. ஊரே காவல். வெடி போடாமல் தீபாவளி கொண்டாடுகிற ஊர், வாசல் மரத்துக் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிற ஊர். பறவையைக் காட்டிக் காசு வாங்குவது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாகவே இருந்தது. கூசானில் நின்றபோதுதான் உறைத்தது: அங்கே ஊர் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பறவையோடு வாழ்ந்த சனம் இல்லை. முன்பு வந்தவர்கள் தென்னை வைக்கவும் முட்டையும் குஞ்சும் எடுத்துப் போகவும்தான் வந்தார்கள். ஊர் செய்கிற வேலையை அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் செய்ய முடியும். அந்தச் சம்பளத்தில் என் பங்கும் இருக்கிறது என்பதில் எனக்கு இப்போது சந்தோஷமே.

ஆனால் பறவைச் சுற்றுலா என்றாலே நல்லது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃப்ரிகேட் தீவைப் பாருங்கள். சீஷெல்ஸ் குண்டுக்கரிச்சான் (அந்நாட்டுக் கிரியோல் மொழியில் பீ சான்தேஸ்) 1960களில் பதினைந்துக்கும் குறைவாக, அந்த ஒரே தீவில் மட்டும் உயிரோடு இருந்தது. பாடுபட்டு அதைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1995இல், விடுதிக் கட்டுமானம் நடந்த காலத்திலேயே, எலி உள்ளே வந்துவிட்டது. 2000இல்தான் ஒழிக்க முடிந்தது. விஷம் வைக்கும் முன் கரிச்சான்களைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பயணிக்காகக் கட்டும் கட்டடத்துக்கு வருகிற ஒவ்வொரு சிமெண்டு மூட்டையும் பறவைக்கு ஆபத்துதான்.

கூசான் இதில் கறாராக இருக்கிறது. வாரநாளில் மட்டும், அதுவும் காலையில் மட்டும்தான் அனுமதி. பயணி யாரும் இரவு தங்க முடியாது. வார்டன் கூட வராமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. தங்கும் விடுதி கட்டினால் இன்னும் எவ்வளவோ சம்பாதிக்கலாம், கட்டவில்லை. இந்த மறுப்புக்காகவே நான் அவர்களை நம்புகிறேன்.

எங்கள் கூட்டத்தில் பெரிய லென்ஸ் வைத்திருந்த ஒருவர் இருந்தார். பயான்கே என்று அங்கே சொல்லும் வெள்ளை நெடுவால் கடற்பறவை, மரத்தடி வேரிடுக்கில் குஞ்சோடு உட்கார்ந்திருந்தது. கையெட்டும் தூரம். ஓடத் தெரியாது, மனிதனைக் கண்டு பயம் கிடையாது. அவர் பாதையை விட்டு இறங்கி மண்டியிட்டார். வார்டன் பெண் கத்தவில்லை, குறுக்கே வந்து நின்றுகொண்டாள், அவ்வளவுதான். தரைக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும் கடற்பறவைகள் உண்டு, காலை வைத்தால் கூரை இடிந்து குஞ்சு மூடிப்போகும் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் எழுந்து வந்துவிட்டார். நம் ஊர் ஏரிக்கரைகளிலும் கூட்டுக்கு அடியில் போய் நிற்கிற, ஃபோனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கிற ஆட்களைப் பார்க்கிறேன். குறுக்கே நிற்க அந்தக் கரைகளில் யாரும் இல்லை.

இன்னொரு கவலையும் உண்டு. 2020இல் விமானங்கள் நின்றபோது கூசானின் நுழைவுக் கட்டணமும் நின்றது. எலிக் காவலை அதற்காக ஒருநாள்கூட நிறுத்த முடியாது. கட்டணத்தை மட்டும் நம்பிப் பறவையை வைத்திருக்கக் கூடாது, நல்ல வருஷத்திலேயே ஒரு பகுதியை எடுத்துவைக்க வேண்டும், அரசும் நன்கொடையாளர்களும் மறுபக்கத்தில் தோள் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சீஷெல்ஸ் போகிறவர்கள் பிராலினில் ஒருநாள் ஒதுக்குங்கள். படகுக்காரரிடம் பேசும்போது தீவுக் கட்டணம் அவர் சொல்லும் தொகைக்குள் அடங்குமா, அது நேராகத் தீவுக்குப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரியே பையைத் தலைகீழாகக் கொட்டி உதறுங்கள், செருப்படி மண்ணைக் கழுவுங்கள். என் பையின் ஓரத்தில் நாலு புல்விதை இருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.