பட்டியலில் விட்டுப்போனது

இந்தியாவின் பிரச்னைகள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; வறுமை, வேலையின்மை, ஊழல் என்று அதை எழுதியவர் அடுக்கியிருக்கிறார், சரி. சாக்கடைக்குள் ஆளை இறக்குவது எங்கே போச்சு? மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லேயே ஒரு சட்டம், 2013-ல் இன்னொன்று. இறங்கியவர் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை.

எங்கள் தெருவில் செப்டிக் டேங்க் அடைப்பெடுக்க வந்தவருக்கு இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான்; கையுறைகூடக் கிடையாது. மேலே நின்ற வீட்டுக்காரர் (நன்றாகப் படித்தவர்!) கூலியில் இருநூறு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கேரளத்தில் 2018-லேயே ஆளுக்குப் பதிலாகச் சாக்கடைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோ வந்துவிட்டது. இங்கே வேலையைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டால், அவர் யாரை இறக்குகிறார் என்று எவரும் பார்ப்பதில்லை. இறங்குபவர் என்ன சாதி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?